தமிழ் தெரியாத டைரக்டர்

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். 1950-ல் திரும்பிப் போனார். இடையில் பத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வந்த அன்றும் தெரியாது, போன அன்றும் தெரியாது. இந்தச் செய்திகளைச் சேர்த்துச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சிலருக்குக் கோபம் வருகிறது. சிரிப்பவர்களை விட்டுவிடலாம். கோபக்காரர்களோடுதான் எனக்கு இன்று வழக்கு.

ராஜபாளையத்தில் புத்தகப் பிரியர்கள் சிலர் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் இந்தப் பேச்சு வந்தது. நாவலைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். நம் கூட்டங்களில் வழக்கமாக நடப்பதுபோல், கால் மணி நேரத்தில் பேச்சு சினிமாவுக்குத் தாவிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அன்பர் ஒருவர் எழுந்தார். “தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவன் தமிழ்ப் படம் எடுத்திருக்கிறான். அதை நாம் ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொள்ள வேண்டுமா? ஆண்டாள் ஊர்க்காரன் கேட்கிறேன்” என்றார். பலத்த கைதட்டல். ராஜபாளையத்து அன்பர்கள்தான் அதிகம் தட்டினார்கள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்பரின் ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. மொழி என்பது மேலே போட்டுக்கொள்ளும் சட்டை இல்லை. ஒரு தாய் மகனைப் பார்த்து, “வந்தியா?” என்று கேட்பதற்கும் “வந்துட்டியா?” என்று கேட்பதற்கும் நடுவே ஒரு முழு இரவின் கவலை இருக்கிறது. அந்த வித்தியாசம் காதில் விழாதவன், நடிகை சரியாகச் சொன்னாளா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வான்? நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் தப்ப முடியாத கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன் அந்த மனிதர் செய்தது என்ன என்று பார்க்க வேண்டாமா?

டங்கன் 1909-ல் ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமா படித்தார். உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு கிளம்பி வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் நமக்கு உபதேசம் செய்ய எழுந்தருளினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலாசாலையை விட்டு வெளியே வந்த வாலிபன், வேலை கிடைத்த இடத்துக்கு வந்தான், அவ்வளவுதான். கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘பக்த நந்தனார்’ படத்தை டாண்டன் எடுத்துக்கொண்டிருந்தபோது டங்கன் கூட இருந்து உதவினார். பிறகு கோயமுத்தூர் மருதாசலம் செட்டியார் டாண்டனைத் தேடி வந்தபோது, “எனக்குப் பதில் இவனை வைத்துக்கொள்ளுங்கள்” என்பதுபோல் டாண்டன் இவரைக் கை காட்டினார். அப்படி வந்ததுதான் 1936-ல் ‘சதி லீலாவதி’. எம்.ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் அது. என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா ஆகியோரின் சினிமா வாழ்க்கையும் அதில்தான் தொடங்கிற்று.

அந்த நாளையப் படங்கள் எப்படி இருந்தன? மேடை நாடகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காமிராவுக்கு எதிரில் வைத்தார்கள். காமிரா ஊன்றிய இடத்தில் ஊன்றியபடி நின்றது. நடிகர்கள் வரிசையாக வந்து நின்று, முன் வரிசை ரசிகரைப் பார்த்துப் பாடினார்கள். நாற்பது ஐம்பது பாட்டுக்கள் கொண்ட படங்களும் இருந்தன. டங்கன் காமிராவை நகர்த்தினார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மேடைக்குப் பூசும் மாவுப் பூச்சு சினிமாவுக்கு உதவாது என்று ஒப்பனையை மாற்றினார். காதலனும் காதலியும் காதலர்களைப் போல் அருகருகே நிற்கலாம் என்று காட்டினார். அதற்காகத் திட்டும் வாங்கினார். ‘இரு சகோதரர்கள்’, பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ (1937), டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடித்த ‘காளமேகம்’, எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’ (1940), பிறகு ‘மீரா’ (1945), கடைசியாக 1950-ல் ‘பொன்முடி’யும் ‘மந்திரி குமாரி’யும். நம் சினிமாவின் சரித்திரத்தில் இந்தப் பெயர்களைத் தாண்டிக்கொண்டு யாரும் நடக்க முடியாது.

சரி, தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். “வந்தியா” வேறு, “வந்துட்டியா” வேறு என்று டங்கனுக்கு யார் சொன்னார்கள்? தமிழ் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ‘அம்பிகாபதி’யின் வசனம் இளங்கோவனுடையது. அந்த வசனத்துக்காகவே கொட்டகைக்குப் போனவர்கள் உண்டு. ரோமியோ ஜூலியட்டின் காதல் காட்சிகள் டங்கன் மனத்தில் இருந்தன. அவற்றுக்குத் தமிழ் கொடுத்தது இளங்கோவனின் பேனா. ஆங்கிலத்தில் காட்சியை வைத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த உதவியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டங்கன் வேலை வாங்கினார். உச்சரிப்பு அவர்கள் பொறுப்பு. பார்வை, நடை, வெளிச்சம், எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பது அவர் பொறுப்பு. தனக்குத் தெரியாதது இன்னது என்று அறிந்து, அதைத் தெரிந்தவர் கையில் விட்டு, தெரிந்ததை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வது லேசான குணமில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த எத்தனையோ டைரக்டர்கள், அது ஒன்று தெரிந்ததனாலேயே வசனகர்த்தாவின் வேலையில் தலையிட்டுக் கெடுத்து, தங்கள் வேலையைக் காமிராக்காரர் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததை நாம் திரையில் பார்த்திருக்கிறோம்.

ராஜபாளையத்தாருக்கு அவர்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ‘சதி லீலாவதி’ வந்த அதே 1936-ல்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நூற்பாலை இயந்திரங்கள் பெரும்பாலும் சீமையிலிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தன. பருத்தி நம் கரிசல் காட்டுப் பருத்தி. கை நம் ஜனங்களின் கை. நூல் யாருடைய நூல்? ராஜபாளையத்து நூல். இதில் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கதிர் சுற்றிய இயந்திரத்துக்குத் தமிழ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

“ஆலையும் கலையும் ஒன்றா?” என்று இப்போது ஒரு குரல் கேட்கும். ஒன்றில்லை. சினிமாவில் பாதி இயந்திரம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு, மற்றப் பாதிக்கு வருகிறேன். கலைக்கே வருவோம். ஆண்டாளின் ஊருக்கே போவோம்.

வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்த பெண்ணின் கதையை ஒரு பெரிய காவியமாகப் பாடியவர் யார்? விஜயநகரச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயர். எந்த மொழியில் பாடினார்? தெலுங்கில். ‘ஆமுக்தமால்யதா’ என்று பெயர். சூடிக் கொடுத்தவள் என்றே அதற்கு அர்த்தம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் காவியம் தெலுங்கின் தலைசிறந்த காவியங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், தெலுங்குதான் தேச பாஷைகளில் உயர்ந்தது என்ற புகழ்பெற்ற பாராட்டு வருவதும் அதே நூலில்தான். தமிழ்ப் பெண்ணைப் பாட வந்த இடத்தில் தெலுங்கை உயர்த்திவிட்டாரே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அவரைக் கோபித்துக்கொண்டதா? இல்லை. எங்கள் பெண்ணை ஒரு சக்கரவர்த்தி பாடினான் என்று பெருமைதான் பட்டது. அந்தப் பெருமை சரியானது. நான் கேட்பதெல்லாம், அந்தப் படியால் டங்கனுக்கும் அளங்கள் என்பதுதான்.

இனி, கை தட்டிய ராஜபாளையத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வைத்திருந்த வார்த்தை. அன்று தட்டியவர்களில் பலர் ராஜுக்கள். விஜயநகர காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து வந்து சஞ்சீவி மலையடியில் ஊர் அமைத்தவர்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் இலைக்கு முன் உட்கார்ந்ததும், அவர்கள் தெலுங்கில்தான் ரசம் கேட்டிருப்பார்கள். அதனால் அவர்கள் தமிழர் இல்லாமல் போய்விட்டார்களா? அவர்களில் ஒருவரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தையே ஆண்டார். தம் வீட்டை ஊருக்குக் கலை மன்றமாகத் தானம் செய்தார். வீட்டில் பேசிய மொழி என்ன என்று அவரை யாராவது கேட்டார்களா? ஊருக்கு உழைத்தவர் ஊர்க்காரர். இந்த நியாயத்தின் நிழலில் நானூறு ஆண்டுகள் சௌக்கியமாக இருந்துவிட்டு, ஓர் அமெரிக்கப் பையன் வந்து நின்றதும் வாசற்கதவைச் சாத்துவது என்ன நாகரிகம்?

கிருஷ்ணதேவராயருக்கு வைஷ்ணவம் தெரியும், பக்தி தெரியும், டங்கனுக்கு என்ன தெரியும் என்று அன்பர் கேட்கக்கூடும். ‘மீரா’வைப் பார்த்தபின் கேட்கட்டும்.

மீரா யார்? மனிதனுக்கு வாழ்க்கைப்பட மனமில்லாமல், கண்ணனையே கணவனாக வரித்து, கடைசியில் துவாரகைக் கோயிலில் அவனோடு கலந்துவிட்டவள் என்பது கதை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எவருக்காவது இந்தக் கதையில் புதிதாக ஏதாவது இருக்கிறதா? துவாரகை என்ற இடத்தில் ஸ்ரீரங்கம் என்று போட்டுப் படித்தால் அவர்கள் வீட்டுப் பெண்ணின் கதை. தமிழ் ஜனங்கள் ஆண்டாளிடம் வைத்திருந்த பாத்தியதையால்தான் வடநாட்டு மீராவை உடனே தங்கள் பெண்ணாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாத்தியதை டங்கனுக்குப் பிறப்பில் வரவில்லை. படத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு. சதாசிவம் தயாரித்தார். பாபநாசம் சிவனும் கல்கியும் பாட்டு எழுதினார்கள். எஸ்.வி. வெங்கட்ராமன் இசை அமைத்தார். மதுரையில் பிறந்த எம்.எஸ். பாடினார். பக்தி முழுவதும் இங்கிருந்து வந்தது.

அப்படியானால் டங்கன் செய்தது என்ன? அந்த பக்தியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். எம்.எஸ்ஸின் முக அமைப்பில் ஓர் உருவம் வார்க்கச் செய்து, எந்தக் கோணத்திலிருந்து ஒளி விழுந்தால் எப்படி இருக்கிறது என்று அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்தார்கள் அவரும் காமிராக்காரர் ஜிதன் பானர்ஜியும். சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கும் செய்தி இது. இதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினந்தோறும் இலையால் கிளி செய்பவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இன்று செய்த கிளி நாளைக்கு இல்லை. நாளைக்கு வேறு கிளி. ஒரு முகத்துக்காக இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறவனுக்கு பக்தியில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ராஜபுதனத்துக்கும் துவாரகைக்கும் போய் அந்தந்த இடத்திலேயே படம் பிடித்தார். 1947-ல் ஹிந்தியில் அதே படம் போனபோது, சரோஜினி நாயுடு திரையில் தோன்றி வடநாட்டாருக்கு எம்.எஸ்ஸை அறிமுகம் செய்துவைத்தார். ஒரு தமிழ்க் குரலை நாடு முழுவதும் கேட்கச் செய்த படத்துக்குத் தமிழ் தெரியாதவர் டைரக்டர்!

இன்னும் திருப்தி வராதவர்களுக்கு ஒரு சாட்சி. 1950-ல் வந்த ‘பொன்முடி’ யாருடைய கதை? பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’. திரைக்கு எழுதியவரும் அவரே. அதே ஆண்டு வந்த ‘மந்திரி குமாரி’ குண்டலகேசிக் கதையிலிருந்து மு. கருணாநிதி எடுத்து எழுதியது. தமிழ், தமிழ் என்று மூச்சு விட்ட இரண்டு பேனாக்கள். அவர்கள் எழுத்தைப் படமாக்க சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் நியமித்தது டங்கனை. ‘மந்திரி குமாரி’ முடிவதற்குள் டங்கன் ஊர் திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். டைரக்டர்கள் என்று இருவர் பெயரும் நிற்கிறது. பாரதிதாசனைவிட நமக்குத் தமிழ்ப் பற்று அதிகம் என்று சொல்லிக்கொள்ளத் துணிவுள்ளவர்கள் முன்னால் வரலாம்.

இதுவரை படித்துவிட்டு எதிர்க் கட்சிக்காரர் ஒருவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். “பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு சினிமா சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது” என்பார். அவருக்கும் என்னிடம் அனுதாபம் கிடையாது. டங்கன் வருவதற்கு முன்பே இங்கே படங்கள் எடுத்தார்கள். ‘சதி லீலாவதி’ வந்த அதே ஆண்டில் டி.பி. ராஜலட்சுமி என்ற தமிழ்ப் பெண் ‘மிஸ் கமலா’வைத் தாமே டைரக்ட் செய்தார். மறு ஆண்டு ‘பாலயோகினி’யும், 1939-ல் ‘தியாகபூமி’யும் எடுத்த கே. சுப்பிரமணியம் எந்த வெள்ளைக்காரரிடமும் கை கட்டி நிற்கவில்லை. டங்கன் கொடுத்தது உண்டு, எடுத்துக்கொண்டதும் உண்டு. அமெரிக்காவில் அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் அவர் டைரக்டர் ஆனார்.

உண்மை இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் எங்கோ இல்லை. இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. நம் சினிமா பிறந்ததே பல வீட்டுப் பிள்ளையாகத்தான். ஊமைப் படம் எடுத்த நடராஜ முதலியார் புனாவில் ஓர் ஆங்கிலேயரிடம் காமிரா பழகி வந்தவர். முதல் தமிழ் டாக்கி என்று நாம் கொண்டாடும் ‘காளிதாஸ்’ (1931) பம்பாயில் எடுக்கப்பட்டது; டைரக்டர் எச்.எம். ரெட்டி தெலுங்கர், கதாநாயகி தமிழில் கேட்டால் கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னான். ‘சதி லீலாவதி’யின் கதை எஸ்.எஸ். வாசனுடையது, அதன் மூலமோ ஹென்றி உட் சீமாட்டியின் ஆங்கில நாவல். தொடர்கதை படிக்கும் நமக்கு இது அதிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நம் ஆரம்ப நாவல்களில் பாதிக்கு இங்கிலாந்தில் பாட்டி வீடு உண்டு. வேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் நம் தோட்டத்தில் மிளகாய்ச் செடிகூட நிற்காது.

டங்கன் ஊருக்குப் போன பிறகு என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட் அவரை மாலை போட்டு வரவேற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியேறினார். நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன பிரதேசம். நம் ராஜபாளையத்தைப்போல் ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கம்பெனிகளுக்கும் பிறருக்கும் செய்திப் படங்கள், விளக்கப் படங்கள் எடுத்துப் பிழைத்தார். ஹாலிவுட் குழுக்கள் நம் காடுகளில் படம் பிடிக்க வந்தபோது துணையாக வந்தார். தம் வாழ்க்கையைப் புத்தகமாகச் சொன்னார். 2001-ல் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். பாகவதரையும் எம்.எஸ்ஸையும் எம்.ஜி.ஆரையும் ஆட்டிவைத்த மனிதர் ஒருவர் தங்கள் தெருவில் நடந்து போகிறார் என்று அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர் விட்டுச்சென்ற படச்சுருள்களை மட்டும் மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது.

இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது. அவர் நமக்காக எடுத்த படங்கள் எங்கே?

‘சதி லீலாவதி’யின் பிரதி ஒன்றுகூட எஞ்சியிருப்பதாகத் தகவல் இல்லை. தமிழ்நாட்டின் முதல் மந்திரியாகப் பத்தாண்டு இருந்தவர் முதன்முதலாக நடித்த படம். கோடிக்கணக்கானவர்கள் அவர் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த நாடு. அந்தப் படம் இல்லை. எப்படிப் போயிற்று? அந்த நாள் படச்சுருள் நைட்ரேட் சுருள். சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். சும்மா வைத்தாலும் வருஷங்களில் இளகி ஒட்டிப் பொடியாகும். பட்டணத்தில் ஓடி முடித்த பிரதி, நம்முடையதைப் போன்ற ஊர்களின் கீற்றுக் கொட்டகைகளுக்கு வந்து, கீறலும் வெட்டுமாகத் தேய்ந்தது. ஓடி ஓய்ந்த சுருளைக் கரைத்தால் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும் என்று எடைக்குப் போட்டார்கள். தேசிய திரைப்படக் காப்பகம் புனாவில் ஏற்பட்டது 1964-ல்தான். அதற்குள் போக வேண்டியவை போய்விட்டன. ஒரு பழைய பானை ஓட்டைத் தோண்டி எடுத்தால் நாகரிகம் நாகரிகம் என்று கூத்தாடுகிற நாம், நம் தாத்தா பார்த்த படத்தை வெள்ளிக்காக உருக்கினோம்.

தமிழ் தெரியாதவர் எடுத்துக் கொடுத்தார். தமிழ் தெரிந்த நாம் தொலைத்தோம். இந்தக் கணக்கில் யார் வெட்கப்பட வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பரே சொல்லட்டும்.

மொழிப் பற்று என்பது யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் காவல் நிற்பது மட்டும் என்றால், அதற்கு அதிக சிரமம் வேண்டாம். ஒரு தடியும் ஒரு நாற்காலியும் போதும். உள்ளே வந்த பொருளைக் கரையான் அரிக்காமல் காப்பாற்றுவது எப்போது என்பதுதான் கேள்வி. திரையில் முகம் தெரிந்தவர்களுக்குச் சிலை வைத்தோம். முகத்துக்கு வெளிச்சம் போட்டவன், வசனம் எழுதியவன், வெட்டி ஒட்டியவன் இவர்கள் பெயர் திரையில் ஓடும்போது நாம் முறுக்கு வாங்கப் போய்விடுகிறோம். இளங்கோவனை எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியுமே! ஆகவே டங்கனை மறந்ததற்கு அவர் தமிழறியாததைக் காரணம் சொல்ல வேண்டாம். முகம் தெரியாத உழைப்புக்கு மரியாதை செய்யும் பழக்கம் நமக்கு இல்லை; அதுதான் காரணம்.

என்ன செய்யலாம்? அரசாங்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த நாளில் ஒவ்வொரு படத்துக்கும் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். காலணா, அரையணா விலை. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டுக்கள், டைரக்டர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். படம் அழிந்துபோனவற்றுக்குப் பல சமயம் அந்தப் புத்தகம்தான் மிச்சம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய வீடுகளின் பரணில் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. பாட்டியின் ஜாதகத்துக்கும் கிஸ்தி ரசீதுக்கும் அடியில் கை விட்டுப் பாருங்கள். அகப்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். 1994 முதல் இத்தகையவற்றைச் சேர்த்துக் காத்துவரும் ரோஜா முத்தையா நூலகம் சென்னையில் இருக்கிறது. அனுப்பி வையுங்கள். அனுப்புவதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பி, டைரக்டர் யார் என்று ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.